மாரிக்கு முன் மேல்தளம்: தொடர்மாடி ஒழுக்கை ஒரேயடியாக நிறுத்துவது

யாழ்ப்பாணத்தில் கொங்கிறீற் கூரை ஆண்டில் எட்டு ஒன்பது மாதம் வெயிலில் வேகிறது. பிறகு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் ஆண்டு மழையின் பெரும்பங்கும் அதன் தலையில் கொட்டுகிறது. பகலில் விரிந்து, இரவில் சுருங்கி, மயிரிழை மயிரிழையாக வெடித்திருக்கிற சிலாப் மாரியின் முதற்கிழமையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். ஒழுக்குத் தெரிகிற காலமும் திருத்தக்கூடாத காலமும் ஒன்றாக வருவதுதான் இங்குள்ள சிக்கல். ஊறிப்போன சிலாப்பில் பூசியது பிடிப்பதில்லை. கார்த்திகையில் அவசரமாக இரண்டு வாளி வாங்கிப் பூசி, பங்குனியில் அது தோல் தோலாக உரிவதைப் பார்த்து, அடுத்த கார்த்திகையில் திரும்பவும் வாங்குகிற தொடர்மாடிகள் பல.

மாரியில் செய்யவேண்டியது கண்டுபிடிக்கிற வேலை மட்டும். ஒழுகும் இடத்தைப் படம் எடுத்து, ஓதத்தின் ஓரத்தைப் பென்சிலால் சுற்றிக் கீறி, பக்கத்தில் திகதி எழுதுங்கள். மறுநாள் ஓரம் எவ்வளவு நகர்ந்தது, மழை விட்டு எத்தனை மணித்தியாலத்தில் சொட்டு நின்றது என்று குறித்து வையுங்கள். தற்காலிகமாகத் தறப்பாள் விரிக்கலாம். விரித்தால் வடிகால் வாயை அது மூடாமல் பார்க்க வேண்டும். பூச்சு வேலை மாசியில் தொடங்கி ஆவணிக்குள் முடிய வேண்டும். புரட்டாதி முழுவதும் கையிருப்பு நாளாக இருக்கட்டும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

சீலிங்கில் கறை தெரிகிற இடத்துக்கு நேர்மேலே ஓட்டை இருக்கும் என்று எண்ணி உடைப்பதால் வீணாகிற காசு அதிகம். தண்ணீர் சிலாப்புக்குள் வெடிப்பு வழியாகவும் கம்பி வழியாகவும் பத்துப் பதினைந்து அடி கூடப் போய்த்தான் கீழே இறங்கும். மின்விளக்குப் பொருத்திய இடத்தில் சொட்டினால், கொங்கிறீற்றுக்குள் புதைத்த வயர்க் குழாய் தண்ணீரைக் கொண்டுவருகிறது. அந்தக் குழாய் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் தேட வேண்டும். தேடுவதற்கு முன் அந்த லைனின் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள்.

கீழ்வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "மழை பெய்யேக்க மட்டும் ஒழுகுதோ, கோடையிலயும் ஒழுகுதோ?" மழைக்கு மட்டும் என்றால் மேல்தளம், வெளிச்சுவர், யன்னல் விளிம்பு. கோடையிலும் என்றால் மேல்வீட்டுக் குளியலறையோ குழாயோ தண்ணீர்த்தாங்கியோ. அதைப் பிரித்தறிய மேல்வீட்டுக் குளியலறையை இரண்டு நாள் பாவிக்காமல் விட்டு, தண்ணீர் வரும் வால்வை மட்டும் திறந்து வையுங்கள். தொடர்ந்து சொட்டினால் சப்ளைக் குழாயில் கோளாறு. நின்றுவிட்டால் மூன்றாம் நாள் நிலத்தில் மட்டும் நீலச் சாயம் கலந்த தண்ணீரைத் தேக்கிப் பாருங்கள். நீலம் கீழே வந்தால் நிலமும் வடிகால் வாயும். வராவிட்டால் மறுநாள் கொமட்டில் வேறு நிறம் கலந்து பல தடவை தண்ணீர் அடியுங்கள். மூன்று நான்கு நாள் போகிற வேலைதான், ஆனால் முழு ரைல்ஸையும் உடைப்பதா, ஒரு மூட்டைத் திருத்துவதா என்பதை இதுதான் தீர்மானிக்கும்.

சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்து பெயின்ற் உதிர்ந்தால் அது கூரைக் கதையே இல்லை. நிலத்தடி ஈரம் மேலேறுகிறது. குருநகர், பாசையூர் போலக் கடலை ஒட்டிய இடங்களில் கிணற்றுத் தண்ணீரின் உப்பும் அதோடு சேரும். அதற்கு மேல்தளத்தில் எதைப் பூசியும் பயனில்லை.

மேல்தளம்

ஒழுகுகிற மேல்தளங்களைப் பார்த்தால் வெட்டவெளியின் நடுவில் ஓட்டை இருப்பது குறைவு. கைபிடிச்சுவரும் சிலாப்பும் சேருகிற மூலை, வடிகால் வாய், குழாய் மேலே வருகிற துளை, தாங்கியின் கால், இவற்றில்தான் தண்ணீர் இறங்குகிறது. இவற்றோடு நம் ஊருக்கே உரிய இன்னொன்று உண்டு: பிறகு ஒரு மாடி எழுப்பலாம் என்று தூண்களில் நீட்டி விட்ட கம்பிகள். பத்துப் பதினைந்து வருடம் மழையிலும் கடற்காற்றிலும் நின்று அவை துருப்பிடிக்கின்றன. துரு, மூல இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் கம்பியைச் சுற்றிய கொங்கிறீற்றைப் பிளக்கிறது. அந்தப் பிளவு நேரே தூணுக்குள் இறங்குகிறது. மேல்தளம் முழுவதும் சிறந்த பூச்சுப் பூசி, இந்தக் கம்பிக் குத்தியை மட்டும் விட்டுவிட்டால், கட்டடத்தின் மிக முக்கியமான உறுப்புக்குள்ளேயே தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்.

மாடி எழுப்பப் போவதில்லை என்று எல்லா வீட்டாரும் எழுத்தில் ஒத்துக்கொண்டால் கம்பியை அறுத்து, மேலே கொங்கிறீற் மூடி போட்டுவிடலாம். வைத்திருக்க வேண்டுமென்றால் துருவை வயர் பிறஷால் உரசி, துருத்தடுப்பு அடித்து, அடியைச் சுற்றி 6 அங்குல உயரத்துக்குக் கொங்கிறீற் மேடை எழுப்பி, பூச்சை அந்த மேடையின் மேல் வரை ஏற்ற வேண்டும்.

அடுத்தது சரிவு. மழை விட்டு ஒருநாள் கழித்தும் தண்ணீர் தேங்கி நின்றால், எந்தப் பூச்சும் அங்கே கெதியாகக் கெடும். 10 அடிக்கு 1¼ முதல் 1½ அங்குலம் சரிவு தேவை. தண்ணீர் 20 அடி ஓடித்தான் வடிகாலை அடைய வேண்டுமென்றால், வடிகால் வாயில் 1 அங்குலமாகத் தொடங்கும் சாந்து மறுமுனையில் 3½ அங்குலத்துக்கு மேல் வரும். 1000 சதுர அடியில் அதன் பாரம் 11 தொன் அளவு. வடிகால் ஒன்றைக் கூட்டி ஓட்டத்தை 10 அடியாகக் குறைத்தால் பாரம் 8 தொன் ஆகும். ஒரு துளையும் ஒரு 4 அங்குலக் குழாயும் மூன்று தொன்னைக் குறைக்கின்றன. ஆனால் இந்தத் துளையைப் பீமுக்குப் பக்கத்தில் துளைக்கக்கூடாது. இடத்தைப் பொறியியலாளர் காட்டட்டும்.

பாரத்தைப் பற்றி அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பழைய சாந்து ஒழுகியதும் அதை உடைக்காமல் மேலே இன்னொரு அடுக்குப் போடுவதும், அதுவும் ஒழுக மூன்றாவதைப் போடுவதும் இங்கே வழக்கம். ஒவ்வொரு அங்குலமும் ஆயிரம் சதுர அடிக்கு ஏறத்தாழ 4¾ தொன். கீழே கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்கிற சிலாப்பின் மேல்தான் அதை ஏற்றுகிறோம். தட்டிப் பார்த்தால் பொள்ளல் சத்தம் வருகிற பழைய சாந்தை முழுவதும் அகற்றுங்கள். உடைக்கும் சல்லியை மேல்தளத்தின் ஒரே மூலையில் குவிக்காமல் அன்றன்றே இறக்குங்கள்.

அகற்றியதும் மூலச் சிலாப்பின் முகம் தெரியும். துருக்கறை உள்ள இடத்தில் கம்பியின் பின்பக்கம் வரை கொங்கிறீற்றைக் கொத்தி எடுத்து, கம்பி பளபளக்கும் வரை உரசி, துருத்தடுப்பும் ஒட்டுப்பாலும் பூசி, சுருங்காத திருத்தச் சாந்தால் நிரப்ப வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் அதற்கு மேல் மேசன் தீர்மானிக்கக்கூடாது. வெடிப்புகளைக் கிறைண்டரால் 10 மில்லிமீற்றர் அகலமும் ஆழமுமாக வெட்டித் துப்புரவாக்கி நிரப்பலாம். கட்டடத்தின் இரு பகுதிகள் சேருகிற இடத்தில் உள்ள வெடிப்பு ஒவ்வொரு கோடையிலும் அசையும். அதைச் சீமெந்தால் அடைத்தால் அடுத்த வருடமே திறக்கும். அங்கே இழுபடுகிற பொலியூரித்தேன் சீலன்ற்தான் வேண்டும்.

சரிவுச் சாந்து 1:4, அதாவது சீமெந்து ஒரு பங்கு, மணல் நாலு பங்கு. மணலில் கவனம். மணற்காட்டுப் பக்கத்து மேட்டு மணல் மிக நுண்ணியது. நுண்மணல் கூடுதல் தண்ணீர் கேட்கும், கூடுதல் தண்ணீர் விட்ட சாந்து காயும்போது வெடிக்கும். கரடான மணலோடு கலந்து பாவிக்க வேண்டும். குழைக்கிற தண்ணீர், வாயில் வைத்தால் உவர்க்காத தண்ணீராக இருக்கட்டும். உவர்க்கிணற்று நீரின் குளோரைட் கம்பியைத் தின்னும். சாந்து போட்டபின் ஏழு நாள் ஈரச்சாக்குப் போட்டு நனைக்க வேண்டும். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் சாக்கு இரண்டு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். அதை நனைக்கவே ஓராள் வேண்டும், அவருடைய கூலியைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேருங்கள்.

சிலாப்பும் கைபிடிச்சுவரும் சேரும் மூலையை செங்கோணமாக விடக்கூடாது. 2 அங்குலத்துக்கு 2 அங்குலம் முக்கோணச் சாந்து வைத்து மழுக்க வேண்டும். கூர்மூலையில் பூச்சு மெல்லியதாக இழுபட்டு அங்கேயே முதலில் கிழிகிறது. பூச்சு சுவரில் குறைந்தது 6 அங்குலம், முடிந்தால் ஓரடி ஏற வேண்டும். அதன் மேல்விளிம்பு சுவரில் வெட்டிய ஒரு காடிக்குள் முடிந்தால், சுவரால் வழியும் தண்ணீர் பின்னால் புகாது. கைபிடிச்சுவரின் தலையையும் மறக்க வேண்டாம். அதில் வெடிப்பிருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளாலேயே இறங்கி, கீழே பூச்சின் அடியில் வெளிப்படும். ஆலங்கன்றோ அரசங்கன்றோ அதில் முளைத்திருந்தால் வெட்டிவிட்டுப் பூசுவது போதாது. வேரோடு கொத்தி எடுக்க வேண்டும்.

எதைப் பூசுவது?

கடையில் முதலில் கேட்கிற கேள்வி இதுதான், ஆனால் மேலே சொன்னவை சரியாக இருந்தால் இது இரண்டாம் இடத்துக்குப் போய்விடும். தூளும் பாலுமாக வருகிற இருபகுதிச் சீமெந்துப் பூச்சு குளியலறைக்கும் தாங்கிக்கும் ஏற்றது. மேல்தளத்தில் பாவித்தால் மேலே பாதுகாப்புச் சாந்தோ ரைல்ஸோ வேண்டும். வெயிலைத் தாங்கும் பொலியூரித்தேன் பூச்சை அப்படியே திறந்து விடலாம், ஆனால் அது ஈரத்தை மன்னிக்காது. தீயால் உருக்கி ஒட்டும் தார்த்தாள் உறுதியானது. பக்க ஒட்டு 4 அங்குலம், முனை ஒட்டு 6 அங்குலம் வர வேண்டும். குழாய்களும் குத்திகளும் நிறைந்த சின்னத் தளத்தில் அதை மடித்து ஒட்டத் தெரிந்த கை வேண்டும்.

மிளகாயும் ஒடியலும் காயப்போடுகிற, பிள்ளைகள் பட்டம் ஏற்றுகிற பொது மேல்தளத்துக்கு எங்கள் தெரிவு சீமெந்துப் பூச்சும் அதன் மேல் பாதுகாப்புச் சாந்தும். கத்தியும் கதிரைக்காலும் படுகிற இடத்தில் திறந்த பூச்சு அதிக நாள் நிற்பதில்லை.

அளவைக் கணக்குப் பார்க்கப் பொறியியல் படித்திருக்கத் தேவையில்லை. இந்த வகைப் பூச்சு 1 மில்லிமீற்றர் தடிப்புக்குச் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 2 கிலோ போகும். சரியான எண் வாளியிலேயே இருக்கும். 1000 சதுர அடி என்பது 93 சதுர மீற்றர், அதற்கு 186 கிலோ. சுற்றிவர 130 அடிச் சுவரில் ஓரடி ஏற்றினால் இன்னும் 24 கிலோ. மொத்தம் 210 கிலோ. கொந்தராத்துக்காரர் 100 கிலோவோடு வந்து முடித்தால் பாதித் தடிப்புத்தான் உங்களுக்குக் கிடைத்தது. ஆகவே பொருள் வந்ததும் எண்ணுங்கள், வெற்றுப் பைகளையும் வாளிகளையும் கடைசிப் பணம் கொடுக்கும்வரை எறிய விடாதீர்கள்.

தூளும் பாலும் நிறுவனம் தந்த விகிதத்தில் மட்டும் கலக்க வேண்டும், தண்ணீர் ஊற்றி இளக்கக்கூடாது. பூச முன் தளத்தை நனைத்து, தேங்கிய தண்ணீரைத் துடைத்து, ஈரம் மட்டும் இருக்கும்படி விடுங்கள். சுடுகிற சிலாப்பில் பூசினால் மேல்தோல் உடனே காய்ந்து வெடிக்கும். காலை ஒன்பதுக்கு முன், அல்லது வெயில் சாய்ந்தபின்தான் பூச வேண்டும். முதற்பூச்சு கிழக்கு மேற்காக என்றால் இரண்டாவது வடக்குத் தெற்காக. மூலைகளிலும் வெடிப்பு அடைத்த இடங்களிலும் முதற்பூச்சு ஈரமாக இருக்கையிலேயே கண்ணாடிநார் வலையைப் பதியுங்கள். பொலியூரித்தேனுக்கும் தார்த்தாளுக்கும் இதற்கு எதிர்மாறு: தளம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நாலுபக்கமும் ரேப்பால் ஒட்டி, பின்னேரம் தொடக்கம் மறுநாட்காலை வரை, 16 மணித்தியாலம் விடுங்கள். உட்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஒரு கிழமை பொறுக்க வேண்டும்.

தண்ணீர் கட்டிப் பார்ப்பது

இதைச் செய்யாத வேலைக்குக் காசு கொடுக்கக்கூடாது. பூச்சு இறுகியபின், பாதுகாப்புச் சாந்து போட முன், வடிகால் வாய்களைப் பொலித்தீனில் சுற்றிய மணல்மூட்டையால் அடைத்து 2 அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணித்தியாலம் விடுங்கள். ஆயிரம் சதுர அடிக்கு 4,700 லீற்றர் அளவு வரும், ஒரு பவுசர் பேச வேண்டியிருக்கும். கம்பி துருப்பிடித்த பழைய சிலாப்பென்றால் பொறியியலாளரைக் கேட்டு, பகுதி பகுதியாகக் கட்டுங்கள்.

நீர்மட்டம் இறங்கியதும் சண்டை தொடங்கும். எங்கள் வெயிலில் ஒருநாளில் சில மில்லிமீற்றர் ஆவியாகவே போய்விடும். இதைத் தீர்க்க எளிய வழி உண்டு. அகலமான தட்டத்தில் அதே ஆழத்துக்குத் தண்ணீர் விட்டு மேல்தளத்திலேயே வைத்து இரண்டிலும் மட்டத்தைக் குறியுங்கள். தட்டத்தில் குறைந்த அளவே தளத்திலும் குறைந்தால் ஒழுக்கில்லை. கீழ்வீடுகளின் சீலிங்கை 24 மணித்தியாலத்திலும் 48 மணித்தியாலத்திலும் இரு தரப்பும் சேர்ந்து பார்த்துப் படம் எடுக்க வேண்டும்.

குளியலறை

ரைல்ஸும் அதன் இடைச் சீமெந்தும் தண்ணீரை மறிப்பதில்லை. மறிக்க வேண்டியது ரைல்ஸுக்குக் கீழேயுள்ள பூச்சு. பெரும்பாலான பழைய குளியலறைகளில் அது போடப்படவே இல்லை. ஆகவே மேலேயிருந்து இடைவெளிகளைத் திரும்ப நிரப்பினால் சில மாதம் கிடைக்கும். கீழ்வீட்டுச் சீலிங்கின் அடிப்பக்கத்தில் பூசுவது அதைவிட மோசம். தண்ணீர் சிலாப்புக்குள்ளேயே தங்கிக் கம்பியைத் தின்னும், சொட்டு மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

சரியான வேலைக்கு நிலத்தைச் சிலாப் வரை உடைக்க வேண்டும். பி.வி.சி குழாய் சிலாப்பைத் துளைக்கிற இடம்தான் பிரதானம். குழாயின் வழுவழுப்பான முகத்தில் சீமெந்து ஒட்டாது. அரத்தாளால் உரசி, சுற்றிவரச் சுருங்காத கிறவுட் (இளகிய நிரப்புச் சாந்து) ஊற்றி, வலையோடு பூச்சை வடிகால் வாயின் உள்விளிம்பு வரை இறக்க வேண்டும். பூச்சு சுவரில் பொதுவாக ஓரடி, ஷவர் பக்கத்தில் 6 அடி ஏற வேண்டும். வாசற்படியின் அடியிலும் பூச்சுத் தொடர வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் படுக்கையறை ரைல்ஸுக்குக் கீழே நழுவும். சுவருக்குள் போகும் குழாய்களை மூட முன் அழுத்தம் ஏற்றி, மானியின் முள் ஓரிரவு இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். பூசி, தண்ணீர் கட்டிப் பார்த்து, பிறகே ரைல்ஸ். உடைக்க இரண்டு நாள், குழாய்க்கு இரண்டு, பூச்சுக்கு இரண்டு, இறுக மூன்று, சோதனைக்கு இரண்டு, ரைல்ஸுக்கு மூன்று என்று வைத்தால் இரண்டு கிழமை போகும்.

மேல்வீட்டுக்காரர் அந்த இரண்டு கிழமை எங்கே குளிப்பார் என்பதைப் பேசாமல் தொடங்கிய வேலைகள்தான் பாதியில் அவசரப்பட்டுக் கெடுகின்றன. கீழ்வீட்டாரோ பக்கத்துவீட்டாரோ தங்கள் குளியலறையைப் பகிர முன்வந்தால் சோதனை நாட்கள் ஒருபோதும் வெட்டுப்படாது.

காசும் ஒப்பந்தமும்

மேல்தளம் எல்லோருக்கும் பொது. ஒரு வீட்டுக்கு மேலே மட்டும் பூசுவது காசைக் கரைப்பது, ஏனென்றால் தண்ணீர் பூசாத பக்கத்தால் இறங்கிப் பூசிய பக்கத்துக்குக் கீழே வரும். "எங்கட வீட்டில ஒழுகேல்லைத்தானே, நாங்கள் ஏன் குடுக்கோணும்?" என்று முதல்மாடிக்காரர் கேட்பது இயல்பு. அவருக்குத் துருப்பிடித்த தூண்கம்பியின் படத்தைக் காட்டுங்கள். அந்தத் தூண் அவருடைய வீட்டுக்குள்ளாலும்தான் இறங்குகிறது. தொடர்மாடி உடைமை பற்றிய 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பதிவான கட்டடமென்றால், பொதுப்பகுதிகளைப் பராமரிப்பது, வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் கடமை. பதியாத கட்டடங்களில் எல்லா வீட்டாரும் ஒப்பமிட்ட ஒரு கடிதமாவது இருக்கட்டும். உரிமையாளர் கனடாவிலோ லண்டனிலோ இருந்தால், திறப்பு யாரிடம், வால்வைப் பூட்டும் அதிகாரம் யாருக்கு என்பதையும் அதில் எழுதுங்கள்.

பணத்தை நாலு தவணையாகக் கொடுப்பது நல்லது. பொருள் வந்து எண்ணியதும் 30 வீதம், தளம் தயாராகி மூலைகள் முடிந்ததும் 30, தண்ணீர் கட்டிய சோதனை தேறியதும் 30, கடைசி 10 வீதம் ஒரு முழு மாரி கழிந்து தையில். இதை ஒத்துக்கொள்ளாதவரிடம் பத்து வருட உத்தரவாதக் கடதாசி வாங்கிப் பயனில்லை. விலைமனுவில் சதுர அடி விலை மட்டும் இருந்தால் போதாது. பூச்சின் தடிப்பு, மொத்தக் கிலோ, சுவரில் ஏறும் உயரம், சோதனை நாட்கள் எழுத்தில் வர வேண்டும். நான்கு பேரின் விலைமனுவை ஒப்பிட அப்போதுதான் முடியும்.

முடிந்த தளத்தை முதலில் துளைப்பவர்கள் சூரியத்தகடு பொருத்த வருகிறவர்களும் டிஷ் அன்ரெனாக்காரரும்தான். தகடு போடும் எண்ணம் யாருக்காவது இருந்தால், அதற்கான கொங்கிறீற் மேடைகளைப் பூச்சுக்கு முன்னரே ஊற்றி, பூச்சை அவற்றின் மேல் ஏற்றுங்கள். ஆணி மேடைக்குள்ளேயே நிற்க வேண்டும். மேல்தளத் திறப்பு ஒருவரிடம் இருக்கட்டும், அவருக்குத் தெரியாமல் யாரும் துளைபோடும் கருவியோடு ஏறக்கூடாது.

ஒவ்வொரு வடிகால் வாயிலும் குமிழ்வடிவ வலைமூடி போடுங்கள். தட்டை வலையை ஒரு பிடி வேப்பஞ்சருகே அடைத்துவிடும். கைபிடிச்சுவரில், முடிந்த தளத்துக்கு 2 அங்குலம் மேலே, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாயையும் வையுங்கள். வடிகால் அடைபட்டால் அதனால் தண்ணீர் முற்றத்தில் கொட்டும், கீழிருப்பவர் கண்டு மேலே ஓடுவார். புரட்டாதி முடிவில் தும்புத்தடியால் தளத்தைக் கூட்டி, ஒவ்வொரு வாயிலும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, அது கீழே எந்தக் குழாயால் எவ்வளவு விரைவாக வருகிறது என்று ஒருவர் நின்று பார்க்க வேண்டும்.